எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’: தாளத்தை எங்கே பிடிப்பது?

சோமனூரான் (சோமனூர்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி 1964 பிப்ரவரி 25 அன்று ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ‘அவுட் டு லஞ்ச்’ என்னும் இசைத்தொகுப்பைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஜாஸ் இசையில் நீண்ட பழக்கமுள்ள சிலர் இங்கே எழுதுகிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே கேட்கிறேன்.

நான் சிறு வயதில் மிருதங்கம் பயின்றவன். பிழைப்பு விசைத்தறியில் என்றாலும், எந்த இசையைக் கேட்டாலும் கை தானாகத் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடும். இத்தொகுப்பின் முதல் உருப்படியான ‘ஹேட் அண்ட் பியர்ட்’, தெலோனியஸ் மாங்க் என்ற பியானோ மேதைக்கு டால்ஃபி செலுத்திய மரியாதை என்று படித்தேன். அதன் மெட்டை ஐந்தும் நான்குமாகப் பிரித்து ஒன்பதாக எண்ணினால் கணக்குச் சரியாக வந்து நிற்கிறது. நம் வழக்கில் சங்கீர்ணம். அதுவரை எனக்குச் சிக்கல் இல்லை. மெட்டு முடிந்து டால்ஃபி பேஸ் கிளாரினெட் என்ற தாழ்குரல் ஊதுவாத்தியத்தில் தனியே வாசிக்கத் தொடங்கியதும்தான் தாளம் கையை விட்டுப் போய்விடுகிறது. டிரம்ஸ் வாசிக்கும் டோனி வில்லியம்ஸ், சமம் (தாளச் சுற்று தொடங்கும் இடம்) எங்கே என்று காட்டிக்கொடுப்பதே இல்லை. ரிச்சர்ட் டேவிஸின் பேஸ் என்னும் பெரிய நரம்பு வாத்தியம் சிறிது தூரம் நடக்கிறது, பிறகு எந்த அறிவிப்புமின்றி நின்றுவிடுகிறது. பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் எதிர்பாராத இடங்களில் ஓரிரு சுரங்களை மட்டும் உதிர்த்துவிட்டு அடங்கிப்போகிறது. அப்படியிருந்தும் முடிவில் ஐந்து பேரும் ஒன்றாக மெட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

என் கேள்வி இதுதான். நடுப்பகுதியில் இவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அதை மறைத்து வாசிக்கிறார்களா, அல்லது கணக்கையே விட்டுவிட்டு மனம்போன போக்கில் வாசித்து, ஒருவர் சைகை காட்டியதும் கூடிக்கொள்கிறார்களா? இரண்டாவதுதான் உண்மை என்றால், இந்த இசை இத்தனை காலமாக மதிக்கப்படுவதன் காரணத்தை யாராவது விளக்க வேண்டும். பிடிபடவில்லை என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பேஸ் கிளாரினெட்டின் ஒலி விடாமல் என்னை மறுபடி மறுபடி அழைக்கிறது.

பவானிக்கரை (ஈரோடு)

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டுமே முழு உண்மை அல்ல. இத்தொகுப்பில் உள்ள ஐந்து உருப்படிகளும் டால்ஃபி தாமே இயற்றியவை. முன்கூட்டி எழுதப்பட்டு, ஒத்திகை பார்க்கப்பட்டவை. அவற்றின் மெட்டுகளில் ஒரு சுரம்கூடத் தற்செயலாக விழுந்ததில்லை. வழக்கமான ஜாஸ் வாசிப்பில் முதலில் மெட்டு வரும். பிறகு அந்த மெட்டின் சுர அடுக்குகள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், அதே நீளத்தில் சுற்றிச் சுற்றி வர, ஒவ்வொருவரும் அதன்மேல் கற்பனையாக வாசிப்பார்கள். அப்போது பேஸ் நான்கு நான்காக நடந்துகொண்டே இருக்கும். டிரம்ஸ்காரரின் வலது கை ரைடு சிம்பல் என்ற உலோகத் தட்டில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு எந்த நொடியிலும் வழி தவறாது. டால்ஃபி இங்கே தளர்த்தியது அந்தக் காவல் ஏற்பாட்டை மட்டும்தான், மெட்டை அல்ல.

இசைத்தட்டின் பின்னட்டையில் ஏ.பி. ஸ்பெல்மன் எழுதிய குறிப்பில் டால்ஃபியே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். டோனி வில்லியம்ஸ் காலத்தைக் காட்டும் வேலையைச் செய்யவில்லை, அவர் வாசிக்கிறார் என்றும், தாளப் பக்கத்தினர் காலத்தை உடைத்தாலும் மெட்டின் உள்ளேயிருந்து ஒரு துடிப்பு வந்துகொண்டே இருக்கிறது, கலைஞர்கள் வாசிக்க வேண்டியது அந்தத் துடிப்பைத்தான் என்றும் அவர் விளக்குகிறார். உங்கள் கேள்விக்கான விடை அந்த ஓரிடத்திலேயே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். டிரம்ஸ்காரரின் கையில் தாளத்தைத் தேடுகிறீர்கள். அது மெட்டுக்குள் இருக்கிறது. ஆகவே கையை ஓய்வாக வைத்துவிட்டு, ‘ஹேட் அண்ட் பியர்ட்’டின் மெட்டை வாய்க்குள் முணுமுணுக்கும் அளவுக்கு முதலில் பாடம் செய்துகொள்ளுங்கள். தனி வாசிப்பு தொடங்கிய பிறகும் அதை மனத்துக்குள் ஓடவிட்டால், டேவிஸ் அந்தத் தொடக்க நடையின் துண்டுகளை அவ்வப்போது எடுத்து நீட்டுவதும், டால்ஃபி அதன் விளிம்பைத் தொட்டுவிட்டு விலகுவதும் தாமாகப் புலப்படும்.

அடுத்து, இங்கே பியானோ இல்லை என்பதைக் கவனியுங்கள். பியானோ இருந்தால் அது சுர அடுக்குகளை இடைவிடாமல் விரித்துக்கொண்டே போகும். தனியாக வாசிப்பவர் அதற்குள் அடங்கியாக வேண்டும். பியானோ நம்மைக் கட்டுப்படுத்துவதாகத் தோன்றுகிறது, ஹட்சர்சனின் வைப்ரஃபோனோ நம்மைத் திறந்துவிடுகிறது என்பது அதே குறிப்பில் டால்ஃபி சொல்லும் காரணம். வைப்ரஃபோனில் உலோகப் பட்டைகளை அடித்துவிட்டு மிதியை அழுத்தினால் ஒலி நீண்டு நிற்கும், விட்டால் உடனே அடங்கும். 23 வயதே ஆன ஹட்சர்சன் அந்த இரண்டு நிலைகளையும் வைத்துக்கொண்டு, எங்கே ஒலியை நிற்கவிட வேண்டும், எங்கே வெற்றிடத்தை விட வேண்டும் என்று தீர்மானிக்கிறார். நீங்கள் கேட்ட அந்த ‘ஓரிரு சுரங்கள்’ இந்தத் தீர்மானத்தின் விளைவுதான்.

நீங்கள் தறிக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். பத்துத் தறிகள் ஒன்றாக ஓடும் இரைச்சலில் ஒரு தறியில் மட்டும் ஊடை அறுந்தாலோ நாடா சரியாகப் போகாவிட்டாலோ, பழகிய காது மற்ற ஒன்பதையும் தள்ளிவைத்துவிட்டு அந்த ஒன்றைப் பிரித்து எடுத்துவிடும். அந்தக் காதை இங்கே கொண்டுவாருங்கள். ஒரு முறை பேஸை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை தொடருங்கள். இன்னொரு முறை வைப்ரஃபோனை மட்டும். ரூடி வான் கெல்டர் தமது எங்கிள்வுட் கிளிஃப்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிந்த பதிவு இது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே துலங்குவதால் இப்படிக் கேட்பது எளிது. தொடங்குவதற்கு ‘கஸெலோனி’ நல்லது. இத்தாலியப் புல்லாங்குழல் கலைஞர் செவரினோ கஸெலோனியின் பெயரைத் தாங்கிய அந்த உருப்படிதான் ஐந்தில் பழைய ஜாஸ் நடைக்கு மிக நெருக்கமானது.

காங்கேயத்துத் தவில் (காங்கேயம்)

ஐயா சொன்னவற்றோடு டோனி வில்லியம்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் என் தொழிலே தாளம். இந்தப் பதிவின்போது அவருக்கு வயது 18. அதற்கு முந்தைய ஆண்டு, 17 வயதிலேயே புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்துவிட்டார். இந்த வயதை நினைத்துக்கொண்டு கேட்டால் அவருடைய நிதானம் என்னை ஒவ்வொரு முறையும் மலைக்க வைக்கிறது. வேகமான கை உள்ள இளைஞர்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள்; வாசிக்காமல் இருக்கத் தெரிந்த இளைஞர் கிடைப்பது அரிது.

‘ஹேட் அண்ட் பியர்ட்’டில் அவரும் ஹட்சர்சனும் மட்டும் பேசிக்கொள்ளும் இடைப்பகுதி ஒன்று வருகிறது, அதைத் தனியே எடுத்துக் கேட்டுப் பாருங்கள். இருவருமே குச்சியால் அடித்து வாசிப்பவர்கள். ஒருவர் உலோகத்தில் சுரமாக அடிக்கிறார், மற்றவர் தோலிலும் சிம்பலிலும் சொல்லாக அடிக்கிறார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் நுழைகிறார். ஒருவர் மீது ஒருவர் விழுவதில்லை. கணக்கில்லாமல் மனம்போன போக்கில் வாசிப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு வராது.

நாயனத்தில் ராக ஆலாபனை நடக்கும்போது தாளக் கட்டு இல்லை. ஆனாலும் நாங்கள் சும்மா இருப்பதில்லை. நாயனக்காரர் ஒரு சங்கதியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் தவில் நுழைந்து, அந்தச் சங்கதியின் போக்குக்கு ஏற்பச் சில சொற்களை உதிர்த்துவிட்டு ஒதுங்கும். எங்கே நுழைவது என்பதைக் கணக்கு சொல்லித் தராது. ஊதுகிறவரின் மூச்சைக் கவனித்தால்தான் தெரியும். மாரியம்மன் நோம்பியில் இரவெல்லாம் உடன் வாசித்தவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. டோனி வில்லியம்ஸ் இங்கே செய்வது ஏறக்குறைய இதே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே சோமனூர் நண்பர் சமத்தைத் தேடாமல், டால்ஃபி எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பார்த்து, அந்த இடங்களில் டிரம்ஸ் என்ன பதில் சொல்கிறது என்று கேட்கலாம்.

‘அவுட் டு லஞ்ச்’ என்ற தலைப்பு உருப்படியின் மெட்டு ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. கண்ட நடை பழகிய கைக்கு அது உடனே அகப்படும். அதன் நடுவில் எல்லோரும் சேர்ந்து கட்டின்றி வாசிக்கும் பகுதி வருகிறது. 12 நிமிடங்களுக்கும் சற்று மேலாக ஓடும் அந்த உருப்படியை நான் இத்தொகுப்பின் உச்சமாகக் கருதுகிறேன்.

கோபி வாசகி (கோபிசெட்டிபாளையம்)

தவில் அண்ணா சொன்ன நுட்பம் அழகானது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த வழியில் மிகத் தொலைவு போய்விடக் கூடாது என்று எச்சரிக்கவும் விரும்புகிறேன். எதைக் கேட்டாலும் ‘இது நம்முடையதுதான்’ என்று சொல்லிவிட்டால், அதில் நமக்குப் புதியதாக இருப்பதைக் கேட்காமலே போய்விடுவோம். ஆலாபனையில் ராகம் என்ற ஒரு வரையறை உள்ளே நின்று காக்கிறது. டால்ஃபியிடம் அப்படி ஒன்று இல்லை. அவருடைய வாசிப்பு ஓர் அடித்தொண்டைச் சுரத்திலிருந்து ஒரு ஸ்தாயியைத் தாண்டி மேலே பாயும். இடையிலுள்ள சுரங்களைத் தொடாது, கமகத்தால் இணைக்கவும் செய்யாது. நம் காதுக்கு முரட்டுத்தனமாகப் படும் அந்தப் பாய்ச்சலில்தான் அவருடைய தனிக்குரல் இருக்கிறது. அதை நம் இலக்கணத்துக்குள் அடக்கிவிட்டால் டால்ஃபி காணாமல் போய்விடுவார்.

இந்திய இசைமீது அவருக்கு நாட்டம் இருந்தது உண்மை. 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு அரங்கில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் ‘இந்தியா’ என்ற உருப்படியைப் பதிவுசெய்தபோது பேஸ் கிளாரினெட் வாசித்தவர் டால்ஃபிதான். 1962இல் ‘டவுன்பீட்’ என்ற ஜாஸ் இதழுக்கு இருவரும் அளித்த பேட்டியில், பறவைகளின் குரலில் தங்கள் சுரங்களுக்கு இடைப்பட்ட சுரங்கள் இருப்பதைப் பற்றிப் பேசும்போது இந்திய இசையையும் அவர் குறிப்பிட்டார். ஆனால் ‘அவுட் டு லஞ்ச்’ அந்த நாட்டத்திலிருந்து பிறந்ததாகக் கொள்வதற்கு இசையில் ஆதாரம் எதையும் நான் கேட்கவில்லை. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரிடமிருந்தும் மாங்க்கிடமிருந்தும் ஐரோப்பிய நவீன இசையிலிருந்தும் வந்த பாதை அது.

‘கட்டற்ற ஜாஸ்’ என்று இத்தொகுப்பைச் சிலர் குறிப்பிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. 1960 டிசம்பர் 21 அன்று சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ (கட்டற்ற ஜாஸ்) பதிவில், ஒரு பக்க ஒலிபெருக்கியில் ஒரு நால்வர் குழுவும் மறுபக்கத்தில் இன்னொரு நால்வர் குழுவும் சுமார் 37 நிமிடங்கள் ஒன்றாக வாசித்தார்கள். அதில் டால்ஃபியும் இருந்தார். ‘அவுட் டு லஞ்ச்’சில் டிரம்பெட் வாசிக்கும் ஃப்ரெடி ஹப்பர்டும் இருந்தார். அதே நாளில் டால்ஃபி, புக்கர் லிட்டில் என்ற டிரம்பெட் கலைஞருடன் ‘ஃபார் க்ரை’ என்ற தொகுப்பையும் பதிவுசெய்தார். அது மெட்டுகளையும் சுர அடுக்குகளையும் கொண்ட முறையான ஜாஸ். கட்டை முற்றிலும் விடுவது எப்படியிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே 1964இல் மெட்டுக் கட்டியவர் அவர்.

சோமனூர் அண்ணாவுக்கு என் யோசனை: ‘கஸெலோனி’யில் தொடங்க வேண்டாம். அதில் புல்லாங்குழலின் வேகத்தைப் பின்தொடர்வதிலேயே கவனம் செலவாகிவிடும். உங்களை அழைத்தது பேஸ் கிளாரினெட் என்றீர்கள். அப்படியானால் இரண்டாவது உருப்படியான ‘சம்திங் ஸ்வீட், சம்திங் டெண்டர்’ரை எடுங்கள். மெதுவான நடை. அதில் ரிச்சர்ட் டேவிஸ் விரலால் மீட்டுவதை விட்டு வில்லை எடுத்து வாசிக்க, டால்ஃபி பேஸ் கிளாரினெட்டில் அவருடன் இணைந்து செல்லும் பகுதி ஒன்று உண்டு. மரத்தாலான இரண்டு தாழ்குரல் வாத்தியங்கள், ஒன்று நரம்பில் உராய்ந்து பாடுவது, மற்றொன்று மூச்சால் பாடுவது. ஒன்றின் ஒலி முடியும் இடமும் மற்றதன் ஒலி தொடங்கும் இடமும் பிரித்தறிய முடியாமல் போகும் கணங்கள் அதில் இருக்கின்றன. இந்த இருவரும் 1963 ஜூலையிலேயே தாங்கள் இருவர் மட்டுமாக நீண்ட உருப்படிகளைப் பதிவுசெய்தவர்கள். அந்தப் பழக்கம் இங்கே பேசுகிறது.

சோமனூரான் (சோமனூர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவில் தறிகளை நிறுத்திய பிறகு, நீங்கள் சொன்னபடி பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு ‘ஹேட் அண்ட் பியர்ட்’டைக் கேட்டேன். டேவிஸ் நின்றுவிடுகிறார் என்று நான் எழுதிய இடங்களில் பல, உண்மையில் அவர் நடையை உடைத்துவிட்டு அதன் பாதியை மட்டும் வாசிக்கும் இடங்கள். மறுபாதியை நம் மனம் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெட்டு வாயில் இருந்தால் நிரம்பிவிடுகிறது; இல்லாவிட்டால் ஓட்டையாகத் தெரிகிறது. பவானிக்கரை ஐயா சொன்ன ‘உள்ளிருந்து வரும் துடிப்பு’ இதுதான் என்று புரிந்துகொள்கிறேன்.

தறியை வைத்து நீங்கள் சொன்னதில் மட்டும் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு, ஐயா. காதைப் பழக்குவதற்கு அது சரியான வழிதான். ஆனால் தறிகள் ஒன்றையொன்று கேட்பதில்லை. பக்கத்துத் தறி நின்றாலும் இது தன்பாட்டில் ஓடும். இங்கேயோ ஹப்பர்ட் டிரம்பெட்டில் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தால் அதற்குள் வைப்ரஃபோன் மாறுகிறது, வைப்ரஃபோன் மாறியதும் டிரம்ஸ் ஒதுங்குகிறது. இதை உணர்ந்த பிறகு எனக்கு இசையின் மேலிருந்த சந்தேகம் விலகிவிட்டது.

‘சம்திங் ஸ்வீட், சம்திங் டெண்டர்’ பற்றி வாசகி அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. வில்லால் வாசிக்கும் அந்தப் பகுதிக்கு நான் மறுபடியும் போவேன். இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. கடைசி உருப்படியான ‘ஸ்ட்ரெயிட் அப் அண்ட் டவுன்’ ஏன் அப்படித் தடுமாறித் தடுமாறி நடக்கிறது? அதோடு, டால்ஃபியின் வாசிப்பில் அடுத்து எதைக் கேட்பது நல்லது என்றும் சொல்லுங்கள்.

பவானிக்கரை (ஈரோடு)

தறியைப் பற்றிய உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன், தம்பி. இத்தொகுப்பில் எல்லோருமே தலைவர்கள் என்று அதே பின்னட்டைக் குறிப்பில் டால்ஃபி சொன்னதற்கும் நீங்கள் கண்டதற்கும் தொடர்பு இருக்கிறது. தன் பெயரில் வெளிவரும் தொகுப்பைப் பற்றி அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனம் வேண்டும்.

‘ஸ்ட்ரெயிட் அப் அண்ட் டவுன்’ குடித்த ஒருவரின் தள்ளாட்ட நடையை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. தடுமாற்றம் எழுதப்பட்ட தடுமாற்றம். ஹப்பர்டின் டிரம்பெட்டும் டால்ஃபியின் ஆல்ட்டோ சாக்ஸபோனும் அதில் ஒரே இடத்தில் சறுக்கி ஒரே இடத்தில் நிமிர்வதைக் கவனியுங்கள். இத்தனை துல்லியமாகத் தள்ளாடுவதற்கு எவ்வளவு ஒத்திகை தேவைப்பட்டிருக்கும் என்பது தாளம் பயின்ற உங்களுக்குத் தெரியும்.

அடுத்துக் கேட்க வேண்டியது ‘லாஸ்ட் டேட்’. இந்தப் பதிவுக்குப் பிறகு டால்ஃபி, பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் குழுவோடு ஐரோப்பா சென்று, பயணம் முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டார். 1964 ஜூன் 2 அன்று நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில் மிஷா மெங்கல்பெர்க், ஷாக் ஸ்கோல்ஸ், ஹான் பெனிங்க் ஆகிய மூன்று டச்சுக் கலைஞர்களுடன் அதைப் பதிவுசெய்தார். அதே மாதம் 29ஆம் தேதி, நீரிழிவு நோய் இருப்பது கண்டறியப்படாமலே, மேற்கு பெர்லினில் 36 வயதில் இறந்துபோனார். ‘அவுட் டு லஞ்ச்’ கடைகளுக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. பல முட்கள் கொண்ட கடிகாரத்துடன் ‘திரும்பி வருவோம்’ என்ற பலகை தொங்கும் வடிவமைப்பாளர் ரீட் மைல்ஸின் அட்டைப்படத்தை, இதை அறிந்த பிறகு என்னால் இயல்பாகப் பார்க்க முடிவதில்லை.

‘லாஸ்ட் டேட்’டில் மாங்க் இயற்றிய ‘எபிஸ்ட்ரஃபி’யை டால்ஃபி பேஸ் கிளாரினெட்டில் வாசிக்கிறார், அங்கே பியானோவும் உண்டு. ‘ஹேட் அண்ட் பியர்ட்’டை முடித்த கையோடு அதைக் கேளுங்கள். மெங்கல்பெர்க்கின் பியானோ அவருக்கு எங்கே இடம் விடுகிறது, எங்கே இடத்தை நிரப்புகிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். வாசகி அம்மிணிக்கும் எனக்கும் அதில் நிச்சயம் கருத்து வேறுபாடு இருக்கும்.